தோட்டத்துப் பிள்ளைக்கு ஓர் இடம்

ஏணியை வாழைத் தண்டில் சாய்த்து மார்யூரி ஏறினாள். இடுப்பில் தொங்கிய பைக்கட்டிலிருந்து ஒரு நீலப் பையை உருவி, வாயை வைத்து ஊதிப் பிரித்தாள். பையின் உள்பக்கம் பூச்சி மருந்து தடவியிருக்கும். விரலில் மாவு போல ஒட்டும். தாரின் அடியிலிருந்து பையை மேலே இழுத்து, காம்பில் அந்த வாரத்துக்கான மஞ்சள் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இறங்கினாள். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

பக்கத்து வரிசையில் அவுக்ஸிலியா வேலை செய்துகொண்டிருந்தாள். பத்து வருடமாகப் பை கட்டுகிறவள்.

"கேப்டன், மேல காத்து எப்படி அடிக்குது?"

"உன் வாய் நாத்தம்தான் அடிக்குது."

"திமிரப் பாரு. நாளைக்கு விமானம் ஓட்டறப்ப என்னைய ஏத்துவியா?"

"உன்னைய ஏத்தினா விமானம் எழும்புமா அக்கா?"

அவுக்ஸிலியா ஏணியிலேயே குலுங்கிச் சிரித்தாள். பிறகு இருமினாள். இருமி முடித்துக் காறித் துப்பிவிட்டுக் கேட்டாள்.

"எந்தப் பள்ளிக்கூடம்னு முடிவு பண்ணியாச்சா?"

"அப்பா ஞாயித்துக்கிழமை குவயாகில் போய்ப் பார்த்துட்டு வரலாம்ங்கறாரு."

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் இரண்டு இருந்தன. ஒன்று குவயாகில் நகரத்தில், தங்கிப் படிப்பது. அதில் படித்தவர்கள் பயணிகள் விமானத்துக்குப் போவார்கள். இன்னொன்று மச்சாலா ஊரைத் தாண்டி, மருந்து தெளிக்கும் விமானங்கள் கிளம்புகிற ஓடுபாதையை ஒட்டி. தோட்டங்களுக்கு மருந்து அடிக்கும் கம்பெனியே அதை அந்த வருடம் தொடங்கியிருந்தது. விடுதியும் சாப்பாடும் படிப்பும் இலவசம். முடித்துவிட்டு ஏழு வருடம் அவர்களுக்கே தெளிக்க வேண்டும். அதில் தோட்டத்து ஆட்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். வேலைப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். சுற்றியுள்ள தோட்டங்களில் அந்த இரண்டும் உள்ளவர்கள் அதிகம் பேர் இல்லை. மார்யூரி அதற்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இத்தாலோ கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு மகளுடன் பேருந்து ஏறினார். வாரம் முழுக்க இடுப்பு வாரில் வாழைத்தார்களைக் கோத்துக் கம்பிப் பாதையில் இழுக்கிற ஆள். இருக்கையில் உட்கார்ந்தாலும் முதுகு முன்பக்கமாகவே வளைந்திருந்தது.

நகரத்துப் பள்ளியின் வரவேற்பறை குளிராக இருந்தது. ஒரு பெண் அவர்களை விடுதிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அறைக்கு இரண்டு கட்டில், ஆளுக்கொரு மேசை, துவைக்கும் இயந்திரம். இத்தாலோ மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு என்ன போடுவீங்க?"

"எல்லாம் உண்டு சார். சாலட், பாஸ்தா..."

"சோறு?"

"அதுவும் உண்டு."

"அப்ப சரி."

மார்யூரி கேட்க வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள், மழைக்காலத்தில் பறக்காத நாளுக்கும் விடுதிக் காசு உண்டா, சொல்லிக்கொடுப்பவர் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டால் என்ன செய்வார்கள். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நல்ல பள்ளிதான். அது அப்பாவுக்கும் மகளுக்கும் தெரிந்தது.

விமானங்களைப் பார்க்க வெளியே போனார்கள். இன்னும் நான்கைந்து குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தன. அப்போது ஒரு சிறு விமானம் இறங்குவதற்காகத் தாழ்வாக வந்தது. சத்தம் கேட்டதுமே இத்தாலோ சட்டையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, மகளின் தலையைப் பிடித்து அமுக்கி, பக்கத்திலிருந்த தகரக் கொட்டகைக்குள் தள்ளினார். அவளும் யோசிக்காமல் குனிந்து முகத்தை முழங்காலில் புதைத்தாள். விமானம் மெல்ல இறங்கி ஓடி நின்றது. ஒரு பையன் சிரித்தான். அவன் அம்மா அவன் கையைத் தட்டிவிட்டு, தானும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பழக்கம்," என்றார் இத்தாலோ யாரிடமோ.

கடைசியில் வரவேற்பறைப் பெண் கட்டணத்தைச் சொன்னாள். இத்தாலோ இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

பேருந்து நிலையத்தில் இருவரும் சூரைமீன் சூப் குடித்தார்கள்.

"வீட்டை வித்தா?" என்றார் இத்தாலோ.

"வித்தா விடுதிச் சாப்பாட்டுக்குக்கூடப் பத்தாதுப்பா. குடிங்க, ஆறிடும்."

அன்று சாயங்காலம் நார்சிசா மகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பச்சை வாழைக்காயை வேகவைத்து மசித்து, சீஸ் வைத்து உருட்டி, தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். தோட்டத்துப் பொதி கட்டும் கொட்டகையில் தொட்டித் தண்ணீரில் வாழைச் சீப்பு கழுவுகிற வேலை அவளுக்கு. விரல் நகங்கள் பாதி இல்லை.

"அப்ப மருந்து விமானம்தான்," என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"என் தலையில ஊத்தறதுக்கு நானே பெத்து அனுப்பறேன்."

"நான் போகலன்னா ஊத்தாம விட்டுடுவாங்களா?"

"யாரோ ஊத்தறதும் பெத்த மக ஊத்தறதும் ஒண்ணாடி?"

"ஒண்ணு இல்லம்மா. கொட்டகை மேல வரும்போது அடைப்பானைத் திருகி நிறுத்தணும்னு சட்டமே இருக்கு. எவனும் நிறுத்தறதில்ல, திருப்பறதுக்குச் சோம்பேறித்தனம். நான் நிறுத்துவேன்."

நார்சிசா மகளைப் பார்த்தாள். இத்தாலோ தட்டைப் பார்த்தபடி, "ஏழு வருஷம்தானே. அதுக்கப்புறம் பெரிய விமானத்துக்குப் போயிடுவா," என்றார்.

"ஏழு வருஷம் என் நுரையீரல் இருக்கணுமில்ல," என்றாள் நார்சிசா. ஆனால் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். மகளுடைய துணிகளை மடித்தாள். பெட்டி கிடையாது. எல்லா வீட்டிலும் செய்வது போலத்தான் செய்தாள். மிச்சமான நீலப் பைகளைத் தட்டி உதறி, அதில் துணிகளைப் போட்டுக் கட்டினாள். அந்தப் பைக்குள் பூச்சி வராது, கரப்பான் அண்டாது. வீட்டில் தலையணை உறையும் அதுதான், மழைக்குப் போர்த்துவதும் அதுதான். வழிக்கு இரண்டு வாழைக்காய் உருண்டைகளையும் ஒரு சிறு பையில் சுற்றி வைத்தாள்.

"அங்க போய் ஒழுங்கா சாப்பிடு," என்றாள்.

திங்கட்கிழமை காலை ஓடுபாதைப் பள்ளியில் சேர்க்கை. வாசலில் இருந்த காவலாளி பெயரைப் பார்த்து, "தோட்டத்து இடமா? வா வா, உனக்காகத்தான் வெச்சிருக்காங்க," என்று சிரித்து உள்ளே விட்டான். விடுதி புதிதாக வெள்ளை அடித்திருந்தது. ஓர் அறையின் கதவில் மார்யூரியின் பெயரை ஏற்கெனவே ஒட்டியிருந்தார்கள். இத்தாலோ அந்தச் சீட்டை விரலால் தொட்டார். இன்னும் பசை ஈரமாக இருந்தது.

"மொதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வந்துடுங்க. சும்மா சம்பிரதாயம்," என்றார் அலுவலகத்துக்காரர்.

மருத்துவ அறையில் டாக்டர் பெனா என்ற நடுவயதுப் பெண்மணி இருந்தார். மூலையில் ஒரு நாற்காலியில், சட்டைக் கையை மடித்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஒரு விமானி பால் குடித்துக்கொண்டிருந்தார். பெயர் பாவுஸ்தோ.

"புதுப் பொண்ணா? பயப்படாத. எறும்பு கடிக்கற மாதிரிதான்," என்றார். "மாசாமாசம் குத்துவாங்க. மருந்து ஏற ஏற ரத்தத்துல ஒரு சத்து கொறையுமாம், அது கொறஞ்சா ஓட்ட விடமாட்டாங்க. எனக்கு இன்னிக்குக் கொஞ்சம் கொறஞ்சிருக்காம். ரெண்டு வாரம் வீட்ல படுத்துக்கச் சொல்லிட்டாங்க."

"சம்பளம்?" என்றார் இத்தாலோ.

"அது முழுசா வரும். கம்பெனி அதுல நல்ல கம்பெனி."

மார்யூரிக்குக் கண் நன்றாக இருந்தது. காது நன்றாக இருந்தது. இதயமும் நன்றாக இருந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பிறகு விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சிறு கருவிக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அதைப் பார்த்தார். கருவியைத் துடைத்தார். இன்னொரு விரலில் குத்தினார்.

"எந்தக் கம்பெனிக்கு மருந்து அடிச்ச?"

"நான் அடிக்கல டாக்டர். பை கட்டறேன்."

"உறை போடுவியா? கையுறை, மூக்குக்கு?"

"அதெல்லாம் தர்றதில்ல."

டாக்டர் அவள் காலடியில் இருந்த மூட்டைகளைப் பார்த்தார்.

"அது என்ன பை?"

"துணி."

"பையைக் கேட்டேன்."

மார்யூரி பதில் சொல்வதற்குள் டாக்டர் உதவியாளரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு வந்தாள். முடிச்சுகளை அவிழ்த்தாள். நீலப் பைகளை இடுக்கியால் பிடித்து, மண்டையோடு வரைந்த ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள் போட்டாள். உருண்டைகளைச் சுற்றியிருந்த பையையும் உருண்டைகளோடு போட்டாள். துணிகளை மார்யூரியின் கையில் கொடுத்தாள்.

பாவுஸ்தோ எட்டிக் கருவியைப் பார்த்துவிட்டுப் பால் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு கம்மியா எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்ல டாக்டர்."

"ஒரு விமானிக்கும் வந்ததில்ல," என்றார் டாக்டர். பிறகு இத்தாலோவின் பக்கம் திரும்பினார். "இந்த நிலையில நான் கையெழுத்துப் போட முடியாதுங்க. மேல போனப்புறம் தலை சுத்தினா அவளும் போயிடுவா, விமானமும் போயிடும். மூணு மாசம் தோட்டத்துப் பக்கமே போகாம இருக்கட்டும். நல்லாச் சாப்பிடட்டும். தானா ஏறிடும். அப்புறம் கூட்டிட்டு வாங்க, நானே போட்டுத் தர்றேன்."

"வேலைக்குப் போகலன்னா பட்டியல்ல பேரை எடுத்துடுவாங்களே டாக்டர்," என்றாள் மார்யூரி. "பேரு இருந்தாத்தானே இந்த இடம்?"

டாக்டர் கருவியைத் துடைத்து வைத்தார். "அது ஆபீஸ்ல பேச வேண்டியது."

இத்தாலோ நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணச் சட்டையின் கைப்பொத்தானைக் கழற்றி, மெதுவாக முழங்கைக்கு மேல் சுருட்டி, கையை மேசைமேல் நீட்டினார்.

"எனக்கும் பாருங்க டாக்டர். நானும் அங்கதான். இவ அம்மாவுக்கும் பார்க்கணும், அவ இருமிக்கிட்டே இருக்கா."

டாக்டர் கருவியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இந்தச் சோதனைச் சாமான் விமானிங்களுக்கு மட்டும் வாங்கித் தர்றாங்க. எண்ணி வெச்சுத் தர்றாங்க. எனக்கு உத்தரவு இல்லைங்க."

இத்தாலோ சற்று நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டார். பொத்தான் ஓட்டைக்குள் நுழையவில்லை. மகள் குனிந்து போட்டுவிட்டாள்.

அலுவலகத்துக்காரர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் வகுப்பு நாளைக்குத் தொடங்குகிறது, இடத்தைக் காலியாக வைக்க முடியாது என்றார். அடுத்ததாக ஒருவர் காத்திருப்பில் இருப்பதாகவும் சொன்னார். வெளித்தாழ்வாரத்தில் சக்கரம் வைத்த பெட்டியோடு உட்கார்ந்திருந்தான் அந்தப் பையன். அவர்கள் தோட்டத்து மேலாளரின் மைத்துனன் மகன். வேலைப் பட்டியலில் அவன் பெயரும் பை கட்டுபவன் என்றுதான் இருந்தது. மார்யூரி அவனை வாழைக்குள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"ரத்தம் எடுத்தா வலிக்குமா?" என்று அவன் மார்யூரியிடம் கேட்டான்.

"இல்ல," என்றாள். "எறும்பு கடிக்கற மாதிரிதான்."

வாசலுக்கு எதிரில் பேருந்து நிற்கும் இடத்தில் நிழல் இல்லை. இத்தாலோ தண்ணீர் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போனார். மார்யூரி துணிகளை மார்போடு அணைத்தபடி நின்றாள். வேலிக்கு அந்தப்புறம் ஒரு மஞ்சள் விமானத்துக்குக் குழாயில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுகிறவன் முகம் முழுக்க மூடிய கவசம் போட்டிருந்தான். விமானி கதவை அடைத்துக்கொண்டார். விமானம் ஓடி எழும்பி, அவள் தலைக்கு மேலே திரும்பி, தெற்கே அவர்கள் தோட்டம் இருக்கும் பக்கம் போனது.

அவள் வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். யோசித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியதும் போனை எடுத்தாள். நார்சிசா உடனே எடுத்தாள். பின்னால் தொட்டித் தண்ணீர் விழும் சத்தம், சோற்றுக்கு வந்து கூடிய பெண்கள் பேசும் சத்தம்.

"சொல்லுடி! சேர்த்துக்கிட்டாங்களா? எல்லாரும் கேக்கறாளுங்க."

"அம்மா..."

"ரூம் நல்லாருக்கா? கொசு இருக்கா?"

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. வெளிய வந்து பேசு."

"சத்தமா சொல்லு, கேக்கல... இரு, இரு, வந்துட்டான். ஏய், சோத்துப் பானைய மூடுங்கடி! தலைய உள்ள இழு, அவுக்ஸிலியா!"

போனுக்குள் இரைச்சல் எழுந்தது. முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில், பிறகு அது தவிர வேறு எதுவுமில்லை. மார்யூரி போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தாள். இரைச்சல் கொட்டகையைத் தாண்டிப் போனது. தகரக் கூரைமேல் மெல்லிய மருந்துத் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.