சாமை மெஷினும் உருளும் டிரம்மும்

செவ்வந்தி கேட்டது சாமை மெஷின். கல்வராயன் மலையில் அவள் ஊரில் எல்லார் நிலத்திலும் சாமை விளைகிறது. உமி நீக்கி அரிசியாக்க மட்டும் மூட்டையோடு பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வரை இறங்க வேண்டும். மெஷின் ஒன்று தன் வீட்டு வாசலில் நின்றால் அரிசியாகவே விற்கலாம், ஊர்ப் பெண்கள் சிலருக்கு வேலையும் கிடைக்கும். கள்ளக்குறிச்சியில் புதிதாகத் திறந்திருந்த, கிராமத் தொழில்களுக்குப் பணம் போடும் சமூக முதலீட்டு நிறுவனத்தில் போய் இதைத்தான் சொன்னாள்.

அதிகாரி எழில்மதி பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல யோசனைங்க. ஆனா இந்த வருஷம் உலகத்துக்கே தண்ணிதான் பிரச்சினை. சாப்பாடு அடுத்த வருஷம்."

"எங்களுக்கு ஊத்துல தண்ணி இருக்குதுங்க. மெஷின்தான் இல்ல."

"ஊத்துலேருந்து எப்படி எடுத்துட்டு வர்றீங்க?"

"குடத்துல."

எழில்மதியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, பிரச்சினை இருக்கு!"

ஊரில் வீட்டுக்கு ஒன்றாக நீல டிரம்கள் வந்தன. தண்ணீர் நிரப்பிப் படுக்கவைத்து, கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் சக்கரம்போல உருண்டு வரும். செவ்வந்தி அதற்கு முகவர். டிரம்மால் ஊர் பயனடைந்தால் அடுத்தது மெஷின் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

டிரம்மை வடிவமைத்தவர் மலையைப் பார்த்திருக்கவில்லை. முதல் நாளே, பக்கத்து வீட்டு இசைவாணி அவிழ்ந்த கொண்டையை முடிய ஒரு நொடி கைப்பிடியை விட்டாள். டிரம் மரவள்ளிக் கொல்லையைத் தாண்டி, பாறையில் ஒரு துள்ளு துள்ளி, அடிவார ஓரத்தில் ராஜாங்கத்தின் காய்ந்த நிலத்தில் போய் நின்றது. இசைவாணி ஓடிப் போய் டிரம்மைத் திருப்பிக் கேட்டாள்.

"பலாப்பழம் உருண்டு எவன் நெலத்துல நிக்குதோ அவனுக்குத்தான். நம்ம மலையில இதான வழக்கம்?" என்றார் ராஜாங்கம்.

"அது பழம் மாமா. இது டிரம்மு."

"உருண்டுச்சா இல்லியா?"

ஊர் கூடிப் பேசியது. உருண்டது உண்மைதான் என்பதால் டிரம் ராஜாங்கத்துக்கே என்று முடிவானது. அடுத்தடுத்து மற்ற டிரம்களும் தண்ணீரோடு அங்கேயே இறங்கின. பெண்கள் பழையபடி குடத்தைத் தூக்கினார்கள். ராஜாங்கம் காலி டிரம்களை மேலே கொண்டுபோய் ஊற்றில் நிரப்பி உருட்டிவிட்டு, நோகாமல் கத்தரியும் மிளகாயும் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, டிரம்மின் பலனைப் பார்க்க எழில்மதி வெளிநாட்டுப் பங்குதாரர் ஒருவரோடு வந்து இறங்கினார். காட்டுவதற்குச் செவ்வந்தியிடம் ஒரு டிரம்கூட இல்லை. மெஷின் போயிற்று என்று நினைத்தபடி அடிவாரத்துக்கு அழைத்துப் போனாள். பச்சை வயலைப் பார்த்துப் பங்குதாரர் கைதட்டினார்.

"தண்ணி எப்படிங்க வருது?" என்று கேட்டார் எழில்மதி.

"தானா வருதுங்க. கரண்டு இல்ல, டீசல் இல்ல," என்றார் ராஜாங்கம்.

இரண்டும் இல்லாத பாசனம்! அங்கேயே ராஜாங்கம் சிறந்த தொழில்முனைவோர் ஆனார். பரிசாக அவருக்குச் சாமை மெஷின்.

செவ்வந்தி குறுக்கே வந்து நின்றாள். "அவரு ஒரு பிடி சாமைகூட போடறதில்லீங்க!"

"அதனாலதான் அவருக்குத் தேவை ஜாஸ்தி," என்றார் எழில்மதி.

மெஷின் வந்த அன்று லாரி அதைத் தார் ரோடு முடியும் மேட்டில் இறக்கிவிட்டுப் போனது. அங்கிருந்து ராஜாங்கத்தின் நிலத்துக்குச் சுற்றுப்பாதை. நேர் கீழே செவ்வந்தியின் வீடு. சுலபமாக நகர்த்தட்டும் என்று நிறுவனமே மெஷினுக்கு நான்கு சக்கரம் பொருத்தியிருந்தது. ராஜாங்கம் ஆள் கூட்டிவரப் போனார்.

"கெட்டியா புடிச்சிக்கினு நில்லும்மா," என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த இசைவாணியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இசைவாணி கீழே பார்த்தாள். வாசலில் செவ்வந்தி நின்றிருந்தாள். அவளை ஓரமாகப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, இசைவாணி இரண்டு கையாலும் நிதானமாகத் தன் கொண்டையை முடிந்தாள்.

மெஷின் அவரைப் பந்தலைச் சாய்த்து, கோழிக்கூண்டை நசுக்கி, செவ்வந்தியின் வாசலில் போய் நின்றது. ராஜாங்கம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"இன்னா மாமா, பலாப்பழம் பொறுக்க வந்தியா?" என்றாள் செவ்வந்தி.

மாலையில் எழில்மதி போன் செய்தார். "மெஷின் எப்படிங்க உங்க வீட்டுக்கு வந்துச்சு?"

"தானா வந்துச்சுங்க," என்றாள் செவ்வந்தி. "கரண்டு இல்ல, டீசல் இல்ல."