கீழே வைத்த கோப்பை

பெரியப்பா எதனால் செத்தார் என்பது அந்தத் துக்கக் கூடாரத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் யார் கேட்டாலும் அவர் மகன் ஃபவ்வாஸ், "இதயம்" என்று ஒரே சொல்லில் முடித்தான். கொரோனா என்று சொன்னால் கூட்டம் வராதாம். கூட்டம் வராவிட்டால் கரக் என்னும் எங்கள் அரபு ஊரில் எங்கள் குலத்தின் மானம் போய்விடுமாம்.

இந்த ஃபவ்வாஸ் யார் தெரியுமா? அறிவியல் ஆசிரியன். எச்சிலில் பரவும், மூச்சில் பரவும், சோப்புப் போட்டுக் கையைக் கழுவு என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன். அங்கே வேறு யாரைப் பிடித்துக் கேட்டிருந்தாலும் இதையே ஒப்பித்திருப்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

எனக்குக் கவலையெல்லாம் அப்பாவைப் பற்றி. பாஸ்பேட் சுரங்கத்தில் பாதி ஆயுளைத் தொலைத்து, தூசிக்கு நுரையீரலைக் கொடுத்தவர். நாலு படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும். இது வந்தால் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் என்னிடம் பச்சையாகச் சொல்லியிருந்தார். ஆனால் அண்ணன் செத்த வீட்டில் தம்பி உட்காராமல் இருக்க முடியுமா?

"வாசல்லயே நின்னுட்டு வந்துடலாம்ப்பா," என்றேன்.

"டேய் ஹாயில், ஊரே காறித் துப்பும்டா."

"துப்பாம இருந்தாப் போதும்னுதான் நானும் சொல்றேன்."

சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. முகக்கவசத்தைக் கழற்றி அங்கிப் பையில் மடித்து வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே காப்பி சுற்றிக்கொண்டிருந்தது. கசப்புக் காப்பி, ஒரே கோப்பை. ஒருவர் குடித்து, போதுமென்று ஆட்டிக் கொடுத்தால் அதிலேயே அடுத்தவருக்கு ஊற்றுவார்கள். வரிசையில் இருமியவர்களும் குடித்தார்கள். எனக்கு அடுத்து அப்பா. அவர் கை ஏற்கெனவே மடியிலிருந்து எழுந்துவிட்டது.

கோப்பை என்னிடம் வந்தது. குடிக்காமல் தரையில் வைத்தேன்.

கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தால், வீட்டுக்காரனிடம் ஏதோ கேட்கிறோம் என்று எங்களிடையே பொருள். பெண் கேட்கப் போனவர்கள் வைப்பார்கள். கொலைப் பழிக்குச் சமாதானம் கேட்கப் போனவர்கள் வைப்பார்கள். கேட்டதை வீட்டுக்காரன் தந்தால்தான் விருந்தாளி குடிப்பான். தராவிட்டால் அந்த வீட்டுக்கே இழுக்கு. துக்க வீட்டில் யாரும் வைத்ததில்லை.

ஃபவ்வாஸ் முகம் கறுக்க எழுந்து வந்தான். "என்னடா வேணும் உனக்கு? எங்கப்பாவப் பொதச்ச மண்ணு இன்னும் காயல."

"இந்தக் கோப்பை இதோட நிக்கணும்ணே. எங்கப்பாகிட்ட போகக் கூடாது."

"எங்க கோப்பை என்ன, அசிங்கமா?"

"நீங்கதானே பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கிறீங்க?"

"அது பள்ளிக்கூடம்டா. இது வீடு!"

இதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் வழக்கத்தை அவனாலும் மீற முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, குடுத்தேன்" என்றான். எனக்கு அந்த நோய் முன்பே வந்து போயிருந்ததால் தைரியமாகக் குடித்தேன். கோப்பை உள்ளே போயிற்று. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், மடையன்.

நான் செய்த அவமரியாதையைத் துடைக்க வேண்டுமே! ஃபவ்வாஸ் நேராக அப்பாவிடம் போனான். "மனசுல வச்சுக்காதீங்க சித்தப்பா," என்று கட்டிப்பிடித்து இந்தக் கன்னத்தில் ஒரு முத்தம், அந்தக் கன்னத்தில் மூன்று. அதைப் பார்த்து வரிசை முழுவதும் எழுந்தது. இருமியவர்களும் எழுந்தார்கள். "விடுங்கய்யா, அவருக்கு மூச்சு..." என்று நான் கத்தியது யார் காதில் ஏறும்? அப்பா ஒவ்வொருவருக்கும் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். மறுத்தால் வெட்கக்கேடல்லவா!

கடைசியில் ஃபவ்வாஸ் பையிலிருந்து கிருமிநாசினிக் குப்பியை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் ஊற்றினான். "நல்லாத் தேய்ச்சுக்கோங்க சித்தப்பா. ஜாக்கிரதையா இருக்கணும்."

அடுத்த துக்கக் கூடாரம் எங்கள் வாசலில், அப்பாவுக்காக. ஃபவ்வாஸ்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தான். ஆளுக்கொரு காகிதக் கோப்பை வேறு வாங்கி வந்திருந்தான். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று வந்தவர்கள் கேட்டபோது, "இதயம்" என்றான்.

"இதயமில்ல, கொரோனா!" என்று கூடாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். என் வாயை அடைக்க வேண்டி, கைகளை விரித்துக்கொண்டு முத்தமிட வந்தான். அவன் மார்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். ஊர் முகம் சுளித்தது. சுளிக்கட்டும், முகம் சுளித்து யாரும் செத்ததில்லை.