சாமுவேல் போட்ட காலைப் பாடம்

சாமுவேலுக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்றபின் அந்த இங்கிலீஷை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், குருபோங்கில் தன் தாமான் குடியிருப்புக்காரர்களின் வாட்சாப் குழுவில் தினமும் விடியலில் ஒரு பாடமாகக் கொட்ட ஆரம்பித்தார். 'ரன்' என்ற ஒற்றைச் சொல்லையே ஒரு வாரம் இழுத்தார், மகராசன். கால் ஓடினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன், தேர்தலில் நின்றாலும் ரன்.

"நிக்கிறவனயும் ஓடுறான்னு சொல்றானே வெள்ளக்காரன்!" என்று அடுத்த லோரோங் சந்தில் இருக்கும் ராமையா விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்கள் படிக்காமலே கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள்.

ராமையா பழைய லாரி டிரைவர். சாயங்காலமானால் இருவரும் முனைக்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடிப்பார்கள். சாமுவேலுக்கு அந்தத் தாமானில் கூட்டாளி என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

ஒரு சனிக்கிழமை, தூக்கக் கலக்கத்தோடு சாமுவேல் அன்றைய பாடத்தைத் தட்டிவிட்டார். "கிக் த பக்கெட் என்றால் வாளியை உதைப்பது அல்ல. மண்டையைப் போடுவது. உதாரணம்: கிழவி நேற்று ராத்திரி மண்டையைப் போட்டாள்." பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சிசிலியா போனும் கையுமாக ஓடி வந்தார். "உங்க இங்கிலீஷ்ல இடி விழ! மேல என்ன போட்டிருக்குன்னு பாக்க மாட்டீங்களா?"

மேலே ராமையாவின் பக்கத்து வீட்டு ராகினி எழுதியிருந்தாள்: "ராமையா அங்கிள் வைஃப் ஜெயமணி ஆன்ட்டி ராத்திரி தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." அதற்கு நேர் கீழே சாமுவேலின் பாடம். அதற்கும் இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள், பாவிகள்.

அழித்தார். அழிப்பதற்கு முன்பே, பார்த்தவர்களின் பெயர்களில் ராமையாவின் பெயர் வந்துவிட்டது. இனி அந்த மனிதர் தன் முகத்தில் விழிப்பாரா?

சாவு வீட்டுக் கூடாரத்தில் கடைசி நாற்காலியில் ஒண்டினார். 'சாரி' சொல்ல வேண்டும். அந்தப் பாழாய்ப்போன சொல்லுக்குத்தான் எத்தனை அர்த்தம். தெரியாமல் இடித்தாலும் சாரி, காதில் விழாவிட்டாலும் சாரி, செத்தாலும் சாரி. எந்த சாரியைக் கொண்டுபோய் ராமையா முன்னால் வைப்பது? தமிழிலும் ஒன்றும் வாயில் வரவில்லை.

தகனம் முடிந்து கூடாரத்துக்குத் திரும்பியாயிற்று. வந்தவர்கள் எழுந்து எழுந்து சொல்லாமல் போனார்கள். இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். இது சாமுவேலுக்குத் தெரியாதா என்ன? சர்ச்சுக்குப் போகிறவராக இருந்தாலும் அவரும் தமிழர்தானே. ஆனாலும் ராமையா எதிரே போய் நின்றதும், பதற்றத்தில் அறுபது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"அப்ப போயிட்டு வரேன், ராமையா."

பெண்கள் பக்கம் "ஐயையோ" என்றது. "படிச்ச மனுசன் பேசுற பேச்சா இது?" என்று யாரோ பல்லைக் கடித்தார்கள். சாமுவேல் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரே நாளில் இரண்டாவது தடவை. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பார்.

ராமையா தலையைத் தூக்கினார்.

"காலையில நீங்க போட்டத பார்த்தேண்ணே. வயிறு எரிஞ்சுச்சு. உங்கள நல்லா ஏசணும்னுதான் இருந்தேன்." தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அப்புறம் பார்த்தா, வந்த சனமெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் போவுது. வாசல பார்த்துக்கிட்டே இருக்கேன். ஒருத்தர் வாயிலயும் வரேன்னு வரல. எனக்குப் பயமா இருக்குண்ணே. நாளைக்கும் வாங்க."

சாமுவேல் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.