பாயைத் தட்டினால் விடவேண்டும்

1

இந்தக் கதை ஒரு சத்தத்தில் பிறந்தது. கோவில்பதாகையில் ஒரு மளிகைக்கடை மாடியில் ஞாயிறு காலை ஜுஜுட்சு என்ற தற்காப்புக் கலை வகுப்பு. நான் கீழே பால் பாக்கெட்டுக்கு நின்றிருந்தேன். மேலே யாரோ பாயை உள்ளங்கையால் தட்டினார்கள். இரண்டு முறை தட்டினால் ‘வலிக்கிறது, விடு’ என்று அர்த்தம். பிடித்தவர் உடனே விடவேண்டும். அன்று தட்டல் நீண்டுகொண்டே போனது. நான் படியேறுவதற்குள் அடங்கிவிட்டது. யாருடைய கை என்று தெரியாது. இனி வருபவர்களை நானே உண்டாக்கினேன்.

2

‘அகல்யா துணிச்சல்காரி. அவள் கண்களில்—’

வேண்டாம். துணிச்சல்காரி என்றால் கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அகல்யா பயப்படுகிறாள். மதுரைப் பெண், அம்பத்தூரில் ஐ.டி. வேலை. பயிற்சியில் அவளுக்கு ஜோடி தேவா, இந்த ஊர்க்காரன். போன வாரம் அவன் பைக்கில் ஏற மறுத்தாள். இந்த வாரம் முழங்கைப் பூட்டு.

(அதாவது, எதிராளியின் கையை நீட்டி, முழங்கையைத் தன் அக்குளில் இடுக்கி, மணிக்கட்டைத் தூக்கியபடி சாய்வது. பலம் வேண்டாம். உடம்பின் எடையே போதும். என்னைப் பயமுறுத்துவது அதுதான்.)

முதலில் தேவா பிடித்தான். அகல்யா தட்டினாள். விடவில்லை. மறுபடி, மறுபடி தட்டினாள். மூட்டுக்குள் ஏதோ நெருடிய பிறகுதான் விட்டான்.

“சாரிப்பா, ஃபேன் சத்தத்துல கேக்கல.”

“கேட்டுச்சு தேவா. நீ சிரிச்சத நான் பாத்தேன்.”

“இன்னாம்மா, பயந்துகினியா? போ, மாஸ்டராண்ட சொல்லு.”

சொன்னாள். மாஸ்டர் பக்தவத்சலம் திரும்பக்கூட இல்லை. “கத்துக்க வந்தா வலிக்கத்தாம்மா செய்யும். இப்ப நீ போடு. அப்புறம் அவன். மாறி மாறிப் போடுங்க.”

3

[மாஸ்டர் உண்மையை உணர்ந்து தேவாவை விரட்டுவதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.]

இப்போது தேவாவின் முழங்கை அகல்யாவின் அக்குளில். அவன் கன்னம் பாயில் அழுந்திக் கிடக்கிறது.

‘மளுக்’ என்று கை ஒடியும் சத்தம் எழுதலாம். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்தச் சத்தத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

விட்டுவிடட்டும் என்றால், அடுத்த பிடி அவனுடையது. “கைய குடு” என்பான்.

எழுந்து போய்விடட்டுமே என்கிறீர்கள். படிக்கட்டின் கீழே அவன் பைக் நிற்கிறது. அவள் வீட்டுக்குப் போகும் தெருவில்தான் அவன் வீடும்.

4

தேவா ஒரு முறை தட்டிவிட்டான். அகல்யாவின் தோள் தளர்கிறதா, இன்னும் சாய்கிறதா, எனக்குத் தெரியவில்லை. அவன் உள்ளங்கை மறுபடி உயர்கிறது.

நான் இங்கேயே பேனாவை வைக்கிறேன். அந்த இரண்டாவது தட்டல் இனி உங்களுக்குத்தான். ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.