அமிர்தநாதன் வேண்டாமென்ற மனை

கிணறு என் இடத்தில் இருக்கிறது என்று நானும், தன் இடத்தில் என்று பக்கத்து வீட்டு அமிர்தநாதனும் ஒரு மாதமாய்த் தொண்டை வறளக் கத்தினோம். நல்ல தண்ணீர் கிடைத்த ஒரே உறைக்கிணறு அது. வெட்டியது அவர்தான். ஆனால் யார் மண்ணில்?

சேரப்பணஞ்சேரியில் அந்த வருஷ வெள்ளம் எல்லைக் கற்களைப் புரட்டிப் போட்டிருந்தது. பத்திரத்தில் நாலு பக்கமும் யார் யார் என்று இருந்ததே தவிர அளவு இல்லை. அவர் மனைக்குப் பக்கத்திலும் பின்னாலும் கிடப்பது என் நிலம். என் நிலத்துக்கு எதிர்ப்பக்கம், அவர் மனையின் தெருமூலைக் கல் ஒன்றுதான் தப்பியது. அதிலிருந்து அகலவாக்கில் அளந்தால், முப்பத்தொன்றாவது அடியில் தொடங்கி முப்பத்துநாலில் முடிந்தது கிணறு.

மனையின் அளவு மறந்த மனுஷனுக்குப் பங்குச் சாமியாரிடம் அதை வாங்கிய பேரம் மட்டும் மறக்கவில்லை. ஊருக்கே ஒப்பிப்பார். "பத்தடி நீளம் கொறச்சி அஞ்சடி அகலம் கூட்டித் தரேன்னார் சாமியார். வேணாம்ட்டேன். முப்பதடி நீளம் கூட்டி ஒம்போதடி அகலம் கொறச்சித் தரேன்னார். அதுவும் வேணாம்ட்டேன். எல்லாம் ஒரே பரப்புதான்னு சொல்றார். நானா ஏமாறுவேன்?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடப்பாரையோடு வேலி போடப் போனேன். அவர் மறுபடி அந்தப் பேரக் கதையையே ஆரம்பித்தார். மீன் கழுவிக்கொண்டிருந்த புது மருமகள் கிளாரா நிமிர்ந்தாள். வாலாஜாபாத்துப் பெண், எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள்.

"மூணும் ஒரே பரப்புன்னது நெசமா மாமா?"

"சாமியார் பொய் சொல்வாரா இன்னா?"

கையைத் துடைத்துக்கொண்டு கரித்துண்டால் சுவரில் எழுதினாள். நீளம் ஒரு எழுத்து, அகலம் ஒரு எழுத்து. முதல் பேரத்தில் பரப்பு மாறாததால், அகலத்தை இரட்டித்துப் பத்தைக் கூட்டினால் நீளம் என்றாள். அதை இரண்டாவது பேரத்தில் வைத்தாள். விறுவிறுவென்று போன கை சட்டென்று நின்றது. கிணற்றைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். அழித்திருந்தால் அங்கே கேட்க நாதியில்லை. எங்களில் யாருக்கும் அந்தக் கணக்கு தெரியாது.

"அகலம் முப்பது, நீளம் எழுபது. கெணறு அவங்க பக்கம்தான் மாமா இருக்குது."

அமிர்தநாதன் முகம் சுண்டிப் போனது. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் கடப்பாரையைத் தூக்க மனசு வரவில்லை. வந்து ஒரு மாதம் ஆகாத வீட்டில், சொந்த மாமனாருக்கு எதிராக இப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? எனக்கு வந்திருக்காது.

"ஏம்மா," என்றேன், "அஞ்சடி நான் உங்க பக்கம் விட்டுட்டா கெணறு உங்களுக்கு வந்துடும். அதுக்கு ஈடா பின்னாடி எத்தினி அடி எனக்குத் தரணும்?"

அவளுக்குக் கரி தேவைப்படவில்லை. "பத்தடி. அறுவதுக்கு முப்பத்தஞ்சு ஆயிடும். யாருக்கும் நஷ்டமில்ல."

அமிர்தநாதன் விரலை மடக்கி யோசித்தார். "அது நான் வேணாம்னு சொன்ன மனையாச்சே."

"அதேதான் மாமா," என்று கிளாரா மீனுக்குத் திரும்பிவிட்டாள்.

அளக்கும் கயிற்றின் மறுமுனையை அவரே வந்து பிடித்துக்கொண்டார்.