குஹாகருக்கு நாற்பத்தொரு மார்க்

புனேயின் ஔந்த் பகுதியில் சூர்யநாராயணன் வீட்டில் விடுமுறைக்குப் போவதென்றால், பரணிலிருந்து பெட்டி இறங்குவதற்கு முன்னால் கூட்டம் நடக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காக அவர் ஏழு பக்கத்தில் ஓர் அறிக்கை தயாரித்திருந்தார். ஆளுக்கொரு பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, யார் எங்கே உட்காருவார்கள் என்று யோசித்து, அந்தந்த இடத்தில் வைத்தும் இருந்தார்.

கொங்கண் கடற்கரையில் ஐந்து நாள். எந்த ஊரில் தங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் சுற்றிப் பார்ப்பது என்பதுதான் விவகாரம். அப்படித் தங்கும் ஊரை அவர் 'பேஸ் டவுன்' என்றார். அதைச் சொல்லும்போதெல்லாம், படைக்கு முகாம் அடிக்க இடம் காட்டுகிறவர் மாதிரி கை தானாக நீண்டது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும், வீட்டில் குழாய் ஒழுகினால்கூட 'நிலவரம், காரணம், பரிந்துரை' என்று மூன்று தலைப்பில்தான் அவரால் சொல்ல முடியும்.

ஐந்து ஊர்கள், ஒன்பது அம்சங்கள், மொத்தம் நூறு மார்க். அலிபாக் ஜன நெரிசலில் அடிபட்டது. மால்வண் தூரத்தில் போயிற்று. கணபதிபுளேயில் அலை ஆளை இழுக்கும் என்று பன்னிரண்டு மார்க் குறைத்திருந்தார். தாபோலிக்கு எண்பத்தேழு, முதலிடம். குஹாகருக்கு நாற்பத்தொன்று, கடைசி.

மருமகள் அம்ருதா போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஜாக்கிரதையாக எடுத்து வைப்பாள்.

"அப்பா, தாபோலில சமுத்ரம் எங்க இருக்கு? மேப்ல பஹாட்தானே காட்டறது?"

கடல், மலையிலிருந்து கீழே இறங்கினால் ஏழெட்டுக் கிலோமீட்டரில் இருப்பதாக சூர்யநாராயணன் விளக்கினார். பேஸ் டவுன் என்றால் அங்கேயே கடல் இருக்க வேண்டும் என்பது அனுபவமில்லாதவர்கள் செய்யும் தவறு என்றும், கடலிலிருந்து சற்று விலகியிருந்தால்தான் கடலை முறையாக அணுக முடியும் என்றும் சொன்னார். மகன் கௌஷிக் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் தலையாட்டினான். கொங்கண் விஷயத்தில் அந்த வீட்டில் அப்பாவுக்கு மேல் பேச்சு கிடையாது. மூன்று வருஷம் குஹாகர் கிளையில் மேனேஜராகக் குப்பை கொட்டியவர் அல்லவா.

மூன்று வருஷம் என்பதுதான் இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியது.

கௌஷிக் பிறப்பதற்கு முன்னால் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. வங்கியில் அப்படி வந்தால் மூன்று வருஷம் ஏதாவது சின்ன ஊர்க் கிளைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அவருக்குக் குஹாகர் விழுந்தது. போனார். பதினோராம் நாள், அம்மாவுக்கு இதயக் கோளாறு, மகன் பக்கத்திலிருப்பது அவசியம் என்று ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டுப் புனேக்குத் திரும்பினார். அந்த அம்மாள் அப்போது கும்பகோணத்தில் தானே இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு பத்தொன்பது வருஷம் அரைத்தார்.

அவருக்குப் பதிலாக, இரண்டு வருஷம் ஜூனியரான ரவிசந்திரனைக் குஹாகருக்கு அனுப்பினார்கள்.

பதினொரு நாள் முதலில் 'கொஞ்ச நாள்' ஆயிற்று. கௌஷிக்கின் பூணூலுக்கு வந்தவர்களிடம் 'ஒரு மழைக்காலம் முழுக்க' ஆயிற்று. சம்பந்தி வீட்டாரிடம் பேசும்போது மூன்று வருஷமாக முற்றிவிட்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு வேண்டிய கதைகளுக்கும் பஞ்சமில்லை. ரவிசந்திரன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தஸ்தாவேஜுகளோடு புனே ஆபீசுக்கு வருவார். சாப்பாட்டு வேளையில் சூர்யநாராயணன் அவரைத் தன் மேஜைக்கு அழைத்து ஊரைப் பற்றி விசாரிப்பார். மனசு உறுத்தியதால்தான் கேட்க ஆரம்பித்தார். கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. பிறகு ரவிசந்திரனை நாக்பூருக்கு மாற்றிவிட்டார்கள். கதைகள் மட்டும் புனேயில் தங்கிவிட்டன.

மனைவி நீலாவுக்கு இது தெரியும். ஆரம்பத்தில் இரண்டொரு தடவை, "ஏன்னா, அது நம்மாத்துக் கதையா?" என்று கேட்டுப் பார்த்தாள். பிறகு, கணவர் கதை சொல்லத் தொடங்கினால் அடுப்படிக்குப் போய்விடுவதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

அந்த நீலாதான் போன மாதம் ஒரு கல்யாணத்தில் ரவிசந்திரனின் மனைவி சாவித்ரியைப் பார்த்திருக்கிறாள். அவர்களும் ஓய்வு பெற்று, புனேயின் மறுகோடியில் ஹடப்சரில் மகள் ஸ்நேஹாவோடு வந்து தங்கியிருக்கிறார்கள். பேச்சுவாக்கில், நாங்கள் கொங்கண் போகிறோம், நீங்கள் இரண்டு பேரும் வாருங்களேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். தெரியாமல் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா என்று சூர்யநாராயணன் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

ஆகவே அவர் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. குஹாகர் பேச்சே எழாமல் பார்த்துக்கொள்வது. ஏழு பக்கமும் அதற்காகத்தான்.

ரவிசந்திரனும் சாவித்ரியும் மூன்று மணிக்கு வந்தார்கள். ரவிசந்திரன் அறிக்கையை மரியாதையாக முதல் பக்கத்திலிருந்து படித்தார். சாவித்ரி கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பட்டியலின் அடியில் விரலை வைத்தாள். நீலா காப்பியும் பாகர்வடியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதை எதுவும் தொடங்காதபோதே அடுப்படிக்குப் போனாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சார்," என்றாள் சாவித்ரி. "குஹாகர்ல தங்கினா என்ன? இவரு மூணு வருஷம் இருந்த ஊரு. எட்டு மாசக் குழந்தைய வச்சிக்கிட்டு நான் இங்க புனேல, ஆகுர்டில ஒத்த ரூம்ல கெடந்தேன். ஒரு தடவகூடப் போய்ப் பாக்கல. லெட்டர்லதான் பாத்தேன்."

சூர்யநாராயணன் அங்கே தண்ணீர் கடினம் என்றார். நான்காம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்.

சாவித்ரி பார்க்கவில்லை. அவளுக்கு ஊர் கண் முன்னால் வந்துவிட்டது. கடற்கரை நெடுக நிற்கும் சவுக்கு மரங்களைப் பற்றிச் சொன்னாள். கொல்லைக் கதவைத் திறந்தால் பாக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டினால் மணல் என்றாள். ஒரு ஜூலையில் நான்கு நாள் கரண்ட் இல்லாமல், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கணவர் கவுண்ட்டர் நடத்தியதைச் சொன்னாள். பெட்டக அறைக்குள் நல்லபாம்பு புகுந்து, பியூன் அதைச் சில்லறைப் பையில் பிடித்துக் கட்டியதைச் சொன்னாள்.

அம்ருதாவின் முகம் மலர்ந்தது. தெரிந்த பாட்டு ஒலிக்கிற சந்தோஷம்.

"அரே, இது அப்பாவோட கதை! பியூன் பேர் மோரே. ஹேனா அப்பா?"

"மோரேதான்," என்றாள் சாவித்ரி.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கௌஷிக் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். சூர்யநாராயணனுக்குக் காது மடல் சுட்டது. ஏதாவது பேசியாக வேண்டும் என்று வாயைத் திறந்தார். வந்தது, "நாலாம் பக்கம்" என்பதுதான்.

ரவிசந்திரன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல், ஆபீசில் ஒரு தவறைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்:

"சார் எனக்கு முன்னாடி அங்க இருந்தவரு. பாம்பு வந்தது சார் காலத்துல. நான் போனப்ப மோரே சொன்னான். அதையே எனக்கு நடந்த மாதிரி இவளுக்கு எழுதிட்டேன். சின்ன வயசு இல்லையா, பொண்டாட்டிகிட்ட பெருமை அடிச்சிக்கத் தோணும்."

அம்ருதா சிரித்தாள். அங்கிள் சீட்டிங் என்றாள். ரவிசந்திரனும் சிரித்து, ஆமாம்மா, மாட்டிக்கிட்டேன் என்றார். சாவித்ரி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அறிக்கையை உறைக்குள் போட்டு, மூலைகள் மடங்காமல் சரிசெய்து, மேஜைமேல் வைத்தாள். தாபோலியே இருக்கட்டும், சார் பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ரவிசந்திரன் முடித்துவைத்தார்.

பிழைத்தாயிற்று.

அவர்களை வழியனுப்பக் கீழே போனபோது லிப்டில் சூர்யநாராயணன் லிப்டைப் பற்றியே பேசினார். அந்தக் குடியிருப்பின் சொஸைட்டி செயலாளராகத் தான் இருந்தபோது அதற்கு வருஷாந்தரப் பராமரிப்பு ஏற்பாடு செய்த வரலாற்றை மூன்றாம் மாடியில் தொடங்கித் தரைத்தளத்தில் முடித்தார். ரவிசந்திரன் ஸ்கூட்டர் எடுக்கப் போனார். வாசலில் சாவித்ரியும் சூர்யநாராயணனும் மட்டும் நின்றார்கள்.

"அந்த லெட்டரெல்லாம் இன்னும் வச்சிருக்கேன் சார்," என்றாள் அவள். குரலில் சண்டை இல்லை. "ஸ்நேஹா நடக்க ஆரம்பிச்சத அவரு பாக்கல. அம்மா, அப்பான்னு பேசினதையும் கேக்கல. அதுக்குப் பதிலா எனக்குக் கெடச்சது அந்த லெட்டர்தான். இன்னிக்கு அதுவும் பொய்யின்னு சொல்லிட்டாரு. உங்களுக்காக."

ஸ்கூட்டர் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். ரவிசந்திரன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, வரேன் சார் என்றார். சூர்யநாராயணன் கையசைத்தார். அசைத்த கையைப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மேலே வந்தபோது தாபோலியில் ஓர் ஓட்டலின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான் கௌஷிக். சூர்யநாராயணன் உட்காராமல், குஹாகரிலேயே பார் என்றார்.

"நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கேளேப்பா?"

கூட்டலில் பிழை, என்றார். தண்ணீர் விஷயத்திலும் இப்போது முன்னேற்றம் இருக்கலாம், என்றார். பழக்கம் அவரை அங்கேயும் கைவிடவில்லை.

அம்ருதா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவித்ரி ஆன்ட்டி ஆசைப்பட்டதற்காகத்தானே அப்பா மாற்றுகிறார், எவ்வளவு பெரிய மனசு என்றாள். அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

அடுப்படி வாசலில் நீலா நின்றாள். முப்பத்திரண்டு வருஷமாக உள்ளே போய்க்கொண்டிருந்தவள், இந்தத் தடவை போகவில்லை. ஈரக் கையைத் துடைக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூர்யநாராயணன் மருமகளின் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டார்.

"நான் அங்க பதினொரு நாள்தான் இருந்தேன்," என்றார்.

எங்கே என்று கௌஷிக் கேட்டான். குஹாகரில் என்றார். பிறகு மிச்சத்தையும் சொன்னார். தலைப்பு பிரிக்காமல் சொன்னதில் முன்னும் பின்னுமாக வந்தது. சர்ட்டிபிகேட், ரவிசந்திரன், எட்டு மாசக் குழந்தை, சாப்பாட்டு மேஜை. பெட்ரோமாக்ஸ் தன்னுடையதில்லை, மோரேயைத் தான் பார்த்தது பதினொரு நாள்தான், அவன் முகமே இப்போது ஞாபகமில்லை என்றார். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கதைகளை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது கௌஷிக்கின் முகம். அப்பாவின் சீனியாரிட்டிக்கு அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

அம்ருதாதான் கேட்டாள். "ஏன் திரும்பி வந்தேள்? பாட்டிக்கு நிஜமாவே ஹார்ட் ப்ராப்ளமா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை. பயமா இருந்தது. ஆறு மணிக்குக் கடையெல்லாம் மூடிடுவான். பேச ஆளில்லை. லாட்ஜ்ல உக்காந்து அழுதேன்."

இதை நீலாவிடம்கூட அவர் சொன்னதில்லை. நீலா உள்ளே போனாள். அவருடைய போனை எடுத்துவந்து, சாவித்ரியின் எண்ணை அழுத்தி, அவர் கையில் கொடுத்தாள்.

மணி அடித்தது. நாலாவது மணிக்கு எடுத்தார்கள். பின்னணியில் ஹாரன்கள்.

"சிக்னல்ல நிக்கிறோம் சார், யூனிவர்சிட்டிகிட்ட. அவரு வண்டில இருக்காரு. சொல்லுங்க."

குஹாகரில் ரூம் போடப் போவதாக அவர் சொன்னார். ஊரை ரவிசந்திரன்தான் காட்ட வேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் சொல்லிவிட்டேன், லெட்டரில் இருப்பதெல்லாம் நிஜம், நான்தான் பொய் என்றார்.

"சத்தத்துல கேக்கல சார். இன்னொரு தடவ சொல்லுங்க, சத்தமா. அவரு காதுகிட்ட வைக்கிறேன்."

கேட்காமல் சொல்கிறாளா, கேட்டுவிட்டுச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது. எதிர் பிளாட்டில் சொஸைட்டியின் இப்போதைய செயலாளர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கௌஷிக்கும் அம்ருதாவும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல் எந்த நிமிஷமும் விழலாம்.

சூர்யநாராயணன் நிமிர்ந்து நின்று, சத்தமாகச் சொன்னார்.