பள்ளி விடும் நேரம்

விஜயகுமாரியின் தலைமாட்டில் தாய் சுப்பாத்தாள் உட்கார்ந்து, மகள் முகத்தில் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் கருத்தம்மாவும் யூனிட்டில் தைக்கும் மற்றப் பெண்களும். உறவுக்காரப் பெண்கள் அவர்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக. வாசல் பந்தலில் முதல் நாற்காலியில் விஜயகுமாரியின் அண்ணன் மருதாசலம். அடுத்ததில் கணவன் தமிழ்செல்வன்.

மண்ணரை என்ற ஊரில் கீழே அவர்கள் வீடு, மாடியில் தையல் யூனிட். குழந்தைகளுக்கான பனியன் தைப்பார்கள். அதை நடத்துவதில் விஜயகுமாரி ஊர் நடைக்கு மாறானவள். பெண்கள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வந்த பிறகுதான் மெஷின் ஓடும். பள்ளி விடுவதற்கு முன்னால் அவளே மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவாள். நைட் கிடையாது, ஞாயிறு கிடையாது. யூனிட்டா பால்வாடியா என்று அக்கம்பக்கத்து யூனிட்காரர்கள் சிரித்தார்கள். ஆள் கிடைக்காமல் அவர்கள் மெஷினுக்குத் துணி போர்த்தி வைத்த காலத்தில், பிள்ளை பெற்றுக் கம்பெனி வேலையை விட்ட பெண்கள் இவளைத் தேடி வந்தார்கள். மாடியில் தகரம் போட்டு நீட்ட வேண்டியதாயிற்று.

இப்போது ஒரு பெரிய கம்பெனி வருஷம் முழுக்க ஆர்டர் தர முன்வந்திருந்தது. நைட் ஷிப்ட் ஓட்டச் சம்மதம் என்று லெட்டர்பேடில் கையெழுத்திட்டு இன்றைக்குள் அனுப்ப வேண்டும். தமிழ்செல்வனுக்கு ஆசைதான். முந்தாநாள் கேட்டான். அவள் வெங்காயம் உரித்தபடி, "உங்களுக்குத் தூக்கம் வரலீன்னா நீங்க ஓட்டுங்க" என்று சிரித்தாள். பேச்சு அதோடு நின்றது. இன்று விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்தவள், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாள்.

மருதாசலம் குரலைத் தாழ்த்தினார். "அவ பிடிவாதம் அவளோட போகட்டுங்க மாப்ள. கையெழுத்துப் போட்டுருங்க. நைட்டுக்கு வடக்கத்திப் பசங்கள நான் அனுப்பறனுங்க."

நல்ல மனதோடு சொன்னதுதான். தமிழ்செல்வன் தலையாட்டினான்.

வண்டி வந்து நின்றது. எடுப்பதற்குப் பெரியவர்கள் எழுந்தபோது, உள்ளே தையல்காரப் பெண்களும் எழுந்தார்கள். கருத்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தமிழ்செல்வன் முன்னால் வந்து, தினமும் விஜயகுமாரியிடம் சொல்லும் அதே வாக்கில் சொன்னாள்.

"போயிட்டு வாரோம்ண்ணே. பிள்ளைக ஸ்கூல் கேட்டுல நிக்கும்."

பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வருகிறேன் என்ற சொல் அங்கே ஆகாது. கருத்தம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எடுக்கற நேரத்துலயும் பெல் அடிச்சிருச்சாக்கு?" என்றார் மருதாசலம்.

கருத்தம்மா அவரைப் பார்க்கவில்லை. "இன்னும் உக்காந்திருந்தா அக்கா மெயின ஆப் பண்ணிரும்ண்ணே" என்றாள் தமிழ்செல்வனிடம்.

அவன் எழுந்து நின்றான். மனைவியைக் கிடத்தியிருந்த கூடத்துப் பக்கம் திரும்பப் போனவன், திரும்பவில்லை.

"போயிட்டு வாங்க. நீங்க வந்தப்பறம் எடுத்துக்கலாம்."

"பொழுது எறங்குதுங்க மாப்ள."

"இருக்கட்டுங்க மச்சான்."

வண்டிக்காரர் முணுமுணுத்தபடி டீ குடிக்கப் போனார். பெண்கள் பிள்ளைகளோடு திரும்பி வந்தார்கள். சுப்பாத்தாள் நகர்ந்து இடம் விட்டாள். பிள்ளைகள் பையைக் கழற்றாமல், கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். பிறகுதான் எடுத்தார்கள்.

மயானத்திலிருந்து வந்து குளித்த ஈரம் காயாமல் தமிழ்செல்வன் எழுத உட்கார்ந்தான். நைட் ஷிப்ட் ஓட்ட இயலாது. பள்ளி நேரத்துக்குள் தைத்து முடிகிற அளவுக்கு ஆர்டர் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம். கையெழுத்திட்டு, மருதாசலத்திடம் நீட்டினான். அவர் இரண்டு முறை படித்தார்.

"குடுக்க மாட்டானுங்க."

"தெரியுமுங்க."

மருதாசலம் தாளை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு பசை டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினார். தமிழ்செல்வன் உறையை ஒட்டி, ஓரம் வரைக்கும் கட்டைவிரலால் அழுத்தினான். துக்கக்காரன் கடைவீதிக்குப் போக வேண்டாமென்று, அவரே உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கொரியர் ஆபீஸ் சாத்துவதற்குள் பைக்கை எடுத்தார்.

பின்விளக்கு தெருமுனையில் திரும்பியது. கழுவி விட்ட வாசலில் தமிழ்செல்வன், விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டு நின்றான்.